17-அ

வில்லுக்குறியில் எங்கள் பேக்கிங் கொட்டகை.
வேளிமலை மேல் மழை நிற்கும்போதெல்லாம்
கரண்ட் போகும்,
பிரிண்டர் பாதித் தாளோடு
நாக்கை நீட்டி நிற்கும்.
நான் அங்கே காகிதம் பார்க்கிறவள்.
காயைப் பார்ப்பது மற்றவர்கள்.

ஒரு பெட்டிக்குப் பதின்மூன்று கிலோ ஏத்தன்.
ஒரு கன்டெய்னருக்கு இருபத்தோரு தாள்.

பதினேழாம் கட்டம் கேட்கும்:
விதையின் பெயர்? விதை நிறுவனம்?
வாழைக்கு ஏது விதை.
ஒரு கோடு கிழிப்பேன்.
பதினெட்டு: மரபணு மாற்றப்பட்டதா?
இல்லை என்று எழுதுவேன்.
யாரும் சோதித்ததில்லை, நானும்.
சோதனைக்கூடம் ஒன்பது நாள் கேட்கும்;
காய் அத்தனை நாள் காயாக இருக்காது.

வளைகுடா என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம்.
ஒரு துறைமுகத்தில் சட்டம் உண்டு, சோதிக்க ஆளில்லை.
பக்கத்துத் துறைமுகத்தில் கருவி வந்து இறங்கிவிட்டது,
சட்டம் இன்னும் வரைவில்.
மூன்றாவதில் எல்லாமே இருக்கிறது,
வியாழன் மதியத்துக்கு மேல் போனை எடுக்க மாட்டார்கள்.
முதலாளி பீர்க்கண்ணு இதையெல்லாம்
பழைய காலண்டர் அட்டையில் எழுதி
தொழுகை நேரங்களுக்குக் கீழே ஒட்டியிருக்கிறார்.

போன ஆனியில்
திருவட்டாறு தாசையனுக்க விளையிலிருந்து போன லோடு
மூன்றாவதில் நின்றது.
நான் செய்த வேலைதான்.
நடவுப் பொருள் என்ற இடத்தில்
திசு வளர்ப்புக் கன்று என்று
உள்ளதை எழுதிவிட்டேன்.
எந்த மெஷின் அதை எப்படித் திருப்பிச் சொன்னதோ,
கடிதம் வந்தது:
ஆய்வகத்தில் உருவாக்கிய உயிர் என்று அறிகிறோம்.
விளக்கம் தருக.
கீழே, நஜ்வா. இளநிலை ஆய்வாளர்.

தாசையன் போனில் கத்தினார்:
"பிள்ளே, கன்னு மானியத்துல வாங்குனதாக்கும்.
ரசீது கையில இருக்கு.
ஒரு உயிருக்கு ரசீது போராதா?"

குருத்து, செல், ஊடகம், கிருமி நீக்கம்.
நாலு முறை எழுதிக் கிழித்தேன்.
படிக்கப் படிக்க எனக்கே பயமாக இருந்தது.

அன்று ராத்திரி ஜெர்ஷா
தூக்கத்தில் பல்லைக் கடித்தாள்.
நாகர்கோவில் ஆஸ்பத்திரியில்
ஒரு கண்ணாடித் தட்டில் ஐந்து நாள் இருந்துவிட்டு
எனக்குள் வந்தவள்.
ஞாயிறு ஆராதனை முடிந்து
செருப்பைத் தேடுகிற சாக்கில்
எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்,
"அவளுக்க மூக்கு ஆருக்க மூக்கு?"
அவர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த
ஒரு வாக்கியம் என்னிடம் இருந்தது.
அதையே நஜ்வாவுக்கு எழுதினேன்.

எதையும் மாற்றவில்லை.
கொஞ்ச நாள் வெளியே வைத்து வளர்த்தார்கள்,
அவ்வளவுதான்.

பதினோராம் நாள் பதில். ஒரே வரி.
விளக்கம் ஏற்கப்பட்டது; சரக்கு அழுகியதால் அழிக்கப்பட்டது.
அழித்ததற்குத் தனியே ஒரு சான்றிதழ்.
அதில் முத்திரைதான்
எவ்வளவு நேராக விழுந்திருந்தது!
எங்கள் ரப்பர் ஸ்டாம்பு
ஒருநாளும் அப்படி விழுந்ததில்லை.

பீர்க்கண்ணு ஒன்றும் சொல்லவில்லை.
அட்டையில் மூன்றாவது பெயருக்கு நேரே
ஒரு புள்ளி வைத்தார்.
தாசையனுக்குப் பாதிப் பணம்.
மீதி ஓணத்துக்கு என்றார்.
ஓணமும் போயிற்று.

இப்போது புதுப் படிவம் வந்திருக்கிறது.
பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
இடம் போதாமல் சின்ன எழுத்தில்
17-அ:
கொஞ்ச காலம் வெளியே வளர்ந்து
பிறகு மண்ணுக்கு வந்ததா? ஆம் / இல்லை.

சட்டம் எழுதுகிறவர்கள்
இப்படி எழுத மாட்டார்கள்.
இரண்டு முறை வாசித்தேன்.

கரண்ட் இல்லை.
கதவுப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு
ஆம் என்பதை வட்டமிடுகிறேன்.
இருபத்தோரு தாளில்
எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு பதில்.

அடுத்தது பதினெட்டு.
இல்லை என்று எழுதுகிறேன்,
வழக்கம்போல்,
தெரியாமல்.